எந்தக் குமிழைக் குறைப்பது?

திருவண்ணாமலை என்றதும் மலையும் கோயிலும் கிரிவலமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் வரும். மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில், செய்யாறிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில், மாங்கால் கூட்டுச்சாலையை ஒட்டி வளர்ந்திருக்கும் சிப்காட் வளாகம் அந்தச் சித்திரத்துக்குள் வருவதில்லை. அங்கே காலணி ஆலை இருக்கிறது. அசோக் லேலண்டும் பின்லாந்தின் ஆல்டீம்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய அலுமினிய அழுத்த வார்ப்பு ஆலையும் அங்கேதான் அமைந்தது. அச்சிலிருந்து வெளிவரும் வார்ப்பு அப்படியே வண்டியில் ஏறிவிடுவதில்லை. அதன் முகத்தைச் சீவ வேண்டும், துளை போட வேண்டும், மரை போட வேண்டும். மாவட்டத்தின் இன்னொரு முகம் ஆரணியின் அரிசி ஆலைகளுக்கும் ஊர் ஊராக இருக்கும் பம்பு செட்டுகளுக்கும் தண்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள். மூன்றாவதாக, ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளை முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள். இந்த மூன்று இடங்களிலும் தினமும் ஒரே கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: வெட்டுக்கருவி ஒரு சுற்றுக்கு, அல்லது ஒரு பல்லுக்கு, எவ்வளவு உலோகத்தைக் கடிக்கலாம்? பட்டறையில் இதை ஃபீடு என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஊட்டம்.

சிஎன்சி எந்திரத்தின் முகப்புப் பலகையில் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்று ஸ்பிண்டில் சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மற்றது ஃபீடைக் கூட்டிக் குறைப்பது. புரோகிராமில் என்ன எழுதியிருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் இத்தனை சதவீதம் என்று ஆபரேட்டர் இந்தக் குமிழ்களால் மாற்றலாம். சத்தம் மாறினாலோ, மாற்றிப் போடும் வெட்டுமுனையான இன்சர்ட்டின் விலை நினைவுக்கு வந்தாலோ, ஜாப் புதிதாக இருந்தாலோ கை இயல்பாகப் போவது ஃபீடு குமிழுக்குத்தான். ஐம்பது சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் தொழிலில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. நம்முடைய கூலி நிலவரத்திலும் கருவி விலையிலும் அந்நிய நாட்டுக் கருவி நிறுவனங்களின் அட்டவணையைவிட நிதானமாக ஓட்டுவதற்குக் கணக்கே ஆதரவாக இருக்கிறது. ஆனால் அந்த நிதானம் சேர வேண்டிய இடம் ஸ்பிண்டில் வேகம். ஃபீடைத் தீர்மானிப்பது உலோகமும் வெட்டுமுனையும் எந்திரத்தின் விறைப்பும். வேகத்தைத் தீர்மானிப்பது ஊரின் பொருளாதாரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில் போகும் பணமும் நேரமும் சிறிய பட்டறையைத்தான் அதிகம் தாக்குகின்றன.

முதலில் ஃபீடு எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கடைசலில் அது நேரானது: ஜாப் ஒரு சுற்று சுற்றும்போது கருவி நகரும் தூரம், 0.2 மி.மீ. என்பதுபோல. மில்லிங்கில் பல பற்கள் மாறி மாறிக் கடிப்பதால் ஒரு பல்லின் பங்கை எடுத்துக்கொண்டு, அதைப் பற்களின் எண்ணிக்கையாலும் நிமிடச் சுற்றுகளாலும் பெருக்கினால் மேசை நகர வேண்டிய வேகம் கிடைக்கும். பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் ஈ.என்.8 எஃகை 10 மி.மீ. விட்டமுள்ள நான்கு பல் கார்பைடு எண்ட் மில்லால் நிமிடத்துக்கு 120 மீட்டர் வெட்டு வேகத்தில் சீவுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றுகள் ஏறத்தாழ 3,820. பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் மேசை நிமிடத்துக்கு 764 மி.மீ. நகரும். திரையில் தெரிவது இந்த 764. வெட்டுமுனை உணர்வதோ வேறொன்று: தான் சீவி எடுக்கும் சீவலின் தடிமன். பக்கவாட்டில் அரை மி.மீ. மட்டும் சீவும்போது, வட்டத்தின் வடிவியல் காரணமாகச் சீவலின் அதிகபட்சத் தடிமன் 0.05 ஆக இருப்பதில்லை, சுமார் 0.022 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. ஃபீடைப் பாதியாக்கினால் 0.011. கால்வாசியாக்கினால் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு மி.மீ. மேசை மெதுவாக நகர்வதைப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியில் முனை என்ன பாடுபடுகிறது என்பதைத் திரை சொல்லாது.

எந்த வெட்டுமுனையும் கணிதப் புத்தகத்தின் கோடு போலக் கூர்மையானது அல்ல. எஃகுக்கான கார்பைடு இன்சர்ட்டின் முனையை வேண்டுமென்றே சற்று உருட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் அது உதிர்ந்துவிடும். அந்த உருட்டலின் ஆரம் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். முழுக் கார்பைடு எண்ட் மில்லில் இது குறைவு, பத்து மைக்ரானை ஒட்டி. சீவலின் தடிமன் இந்த ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் உலோகம் சீவலாகப் பிரிந்து வருவதில்லை. முனை அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போகிறது, உலோகம் நசுங்கி மீண்டும் எழும்புகிறது. சூடு பிறக்கிறது. சூட்டை வாரிக்கொண்டு போக வேண்டிய சீவல் இல்லாததால் அது முனையிலேயே தங்குகிறது. இந்த எல்லைக்கு மேலேயும் மெல்லிய சீவல் மலிவானதல்ல. எஃகில் ஒரு கன மி.மீ. உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல், சீவல் மெலிய மெலியக் கூடுகிறது. தடிமன் 0.2 மி.மீ.யிலிருந்து 0.05க்கு இறங்கினால் அது சுமார் 40 சதவீதம் உயரும். ஃபீடைப் பாதியாக்கினால் கருவிமேல் விழும் விசை பாதியாவதில்லை, அறுபது சதவீதத்தில் நிற்கிறது. வேலை நேரம் மட்டும் சுளையாக இரண்டு மடங்கு ஆகிறது. ஆகவே ஃபீடுக்கு ஒரு கூரை இருப்பதுபோல ஒரு தரையும் இருக்கிறது. கூரையை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதைத் தொட்டால் கருவி சத்தத்தோடு உடைகிறது. தரையைத் தொட்டால் சத்தம் வராது. முனை வெறுமனே சீக்கிரம் மழுங்கும், அதற்கு இன்சர்ட் கம்பெனியைத் திட்டுவோம்.

இந்த இடத்தில் வாதத்தை மிகைப்படுத்திவிடக் கூடாது. ஃபீடைக் குறைத்தால் எப்போதும் கருவி ஆயுள் குறையும் என்று யாராவது சொன்னால் அது ஆதாரத்துக்கு ஒவ்வாது. இந்தத் துறையின் முதல் பெரும் ஆதாரத் தொகுப்பு ஃபிரெடரிக் டெய்லருடையது. 1880இல் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி 26 ஆண்டுகள் சோதனை செய்து, 30,000 முதல் 50,000 சோதனைகள் வரை நடத்தி, எட்டு லட்சம் பவுண்டு எஃகையும் இரும்பையும் சீவலாக்கி, 1906இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக நின்று முடிவுகளை வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு எளிமையானது: வெட்டு வேகத்தை ஏற்றினால் கருவி ஆயுள் பன்மடங்காகச் சரியும். கார்பைடில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பின்னால் வந்தவர்கள் ஃபீடையும் வெட்டு ஆழத்தையும் அதே சமன்பாட்டில் சேர்த்தபோது ஒரு வரிசை தெளிவாகத் தெரிந்தது. ஆயுளை மிக அதிகம் தின்பது வேகம், அடுத்தது ஃபீடு, கடைசியில் ஆழம். அதாவது சாதாரண எல்லைக்குள் ஃபீடைக் குறைத்தாலும் ஆயுள் கூடவே செய்யும், சில எஃகுகளில் ஒரு முனைக்குக் கிடைக்கும் உருப்படிகளின் எண்ணிக்கைகூடக் கூடும். ஃபீடைக் குறைத்துப் பழகியவர்களின் அனுபவம் பொய்யல்ல என்பதற்கு இதுவே சான்று. கேள்வி, அதே ஆயுளை வாங்க அதைவிட மலிவான வழி இருக்கிறதா என்பது. வரிசையின் முதலிடத்தில் வேகம் நிற்பதே விடையைக் காட்டிவிடுகிறது.

உலோகத்துக்கு உலோகம் இந்தக் கணக்கு மாறும். செய்யாறு போன்ற இடங்களில் அழுத்த வார்ப்புக்குப் பொதுவாகப் பயன்படும் ஏடிசி12 வகை அலுமினியக் கலவையில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் வரை சிலிக்கன் இருக்கும். அலுமினியம் மென்மையானது, அதற்குள் கிடக்கும் சிலிக்கன் துகள் கடினமானது. மாவுக்குள் மணல் கலந்ததுபோல அது முனையை அரைக்கிறது. இந்த வகைத் தேய்மானம் பெரும்பாலும் முனை உலோகத்தோடு உரசிக் கடந்த தூரத்தைப் பொறுத்தது. ஃபீடைப் பாதியாக்கினால் அதே முகத்தைச் சீவ இரண்டு மடங்கு சுற்றுகள் வேண்டும், உரசும் தூரமும் இரண்டு மடங்கு. ஆக இங்கே பயந்து குறைத்த ஃபீடு நேரத்தையும் தின்கிறது, முனையையும் தின்கிறது. இப்படிப்பட்ட ஆலைகள் வைரத்துகளை அழுத்திச் செய்த பிசிடி முனைகளை நாடுவதற்கு இந்த அரைப்பே காரணம். எஸ்எஸ் 304 போன்ற துருப்பிடிக்காத எஃகில் கதை வேறு வழியில் அதே முடிவுக்கு வருகிறது. அது அழுத்தப்பட்ட இடத்தில் இறுகும் உலோகம். மெல்லிய சீவலாக எடுத்தால் முந்தைய பல் இறுக்கிவிட்டுப் போன தோலுக்குள்ளேயே அடுத்த பல்லும் ஓட வேண்டியிருக்கும். தோலுக்குக் கீழே இறங்கிக் கடித்தால் மென்மையான உலோகம் கிடைக்கும்.

கல்லில்கூட இதற்கு நெருங்கிய உறவு உண்டு. அருணாசலேசுவரர் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைத் தாங்கி நிற்கும் கருங்கல் அடித்தளம் இரும்பு உளியால் செதுக்கப்பட்டது. கருங்கல்லில் உள்ள படிகக் கல் சாதாரண எஃகைவிடக் கடினம் என்பதால் உளியை ஓயாமல் உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று கிரானைட் ஆலைகளில் வைர வட்ட வாள் அந்த வேலையைச் செய்கிறது. வாளை மிக மெதுவாகத் தள்ளினால் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் தேயாது, புது வைரம் வெளியே வராது, பழைய வைரம் மழமழப்பாகிவிடும். வாள் சுற்றும், கல் அறுபடாது. பிறகு செங்கல்லையோ மணற்கல்லையோ அறுத்து வாளைத் திரும்பத் திறக்க வேண்டும். கல் உடையும் விதமும் உலோகம் சீவலாகும் விதமும் வேறானவை, இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடைக்க முடியாது. ஆனால் கருவிக்குப் போதுமான கடி கொடுக்காவிட்டால் அது கெடும் என்பது கல்லறுப்பவர்கள் நன்றாக அறிந்த செய்தி. உலோகப் பட்டறை அதை ஏற்கத் தயங்குவது விந்தையாக இருக்கிறது.

இனிப் பணக் கணக்கு. ஒரு எடுத்துக்காட்டு எண்ணை நானே வைத்துக்கொள்கிறேன். வாசகர்கள் தங்கள் பட்டறை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எந்திரம் ஒரு மணி நேரம் ஓட, கூலி, மின்சாரம், வங்கித் தவணை எல்லாம் சேர்த்து 400 ரூபாய். நான்கு முனை கொண்ட இன்சர்ட் 400 ரூபாய், ஆக முனைக்கு 100. முனையைத் திருப்பிப் போட 2 நிமிடம். வெட்டுக்கருவிப் பொருளாதாரத்தின் பழைய சூத்திரம், செலவு மிகக் குறைவாக இருக்க ஒரு முனை எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. முனையின் விலையை எந்திர நிமிடங்களாக மாற்றி, மாற்றும் நேரத்தைக் கூட்டி, கார்பைடுக்கு மூன்றால் பெருக்க வேண்டும். நம் கணக்கில் 100 ரூபாய் என்பது 15 எந்திர நிமிடம், அதோடு இரண்டு, மூன்றால் பெருக்கினால் 51 நிமிடம். இதே இன்சர்ட்டை மணிக்கு 4,000 ரூபாய் செலவாகும் பட்டறையில் வைத்தால் விடை பத்தரை நிமிடமாக இறங்கிவிடுகிறது. பெரிய கருவி நிறுவனங்களின் அட்டவணைகள் பல, முனை 15 நிமிடம் உழைக்கும் என்ற அடிப்படையில் வேகத்தைப் பரிந்துரைக்கின்றன. அது எந்த ஊர்ச் செலவுக் கணக்குக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் ஊருக்கு 51 நிமிடம் வேண்டுமென்றால் அட்டவணை வேகத்தில் சுமார் 74 சதவீதம் போதும். அதாவது வேகத்தில் கால் பங்கைக் குறைப்பது சிக்கனம்.

அட்டவணைப்படி ஓட்டினால் ஒரு நிமிடத்தில் எடுக்கப்படும் உலோகத்தை அளவாக வைத்து மூன்று வழிகளையும் ஒப்பிடலாம். அட்டவணை வேகம், அட்டவணை ஃபீடு: எந்திரச் செலவும் முனைச் செலவும் சேர்ந்து 14 ரூபாய் 20 காசு. ஃபீடைத் தொடாமல் வேகத்தை மட்டும் 74 சதவீதமாக்கினால் 12 ரூபாய் 10 காசு. வேகத்தைத் தொடாமல் ஃபீடைப் பாதியாக்கி, அதற்குப் பரிசாக முனை இரண்டு மடங்கு உருப்படி கொடுத்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 17 ரூபாயைத் தாண்டுகிறது. இன்னும் தாராளமாக, ஃபீடைப் பாதியாக்கியதால் முனை என்றுமே மழுங்காது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்திர நேரம் மட்டுமே 13 ரூபாய் 30 காசு. மழுங்காத முனைகூட, மெதுவாகச் சுழன்று நன்றாகக் கடிக்கும் சாதாரண முனையிடம் தோற்றுவிடுகிறது. உருப்படியைப் பூட்டிக் கழற்றும் நேரம் நீண்டதாக இருந்தால் இந்த வித்தியாசம் மொத்தச் செலவில் சிறுத்துத் தெரியும் என்பது உண்மை. வரிசை மட்டும் மாறாது. என் வாதத்தின் மையம் இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

அப்படியானால் ஸ்பிண்டில் குமிழைத் திருப்பினால் போதுமா? கடைசலில் பெரும்பாலும் போதும், ஏனென்றால் அங்கே ஃபீடு சுற்றுக்கு இத்தனை மி.மீ. என்று எழுதப்படுகிறது. சுழற்சி குறைந்தால் நகர்வும் தானாகக் குறைந்து, சீவலின் தடிமன் அப்படியே நிற்கும். மில்லிங்கில் வழக்கமாக ஜி94 முறையில் நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. என்று எழுதுவதால் நிலைமை தலைகீழ். அங்கே ஸ்பிண்டிலை மட்டும் 75 சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு பல் கடிக்கும் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சிறிய எண்ட் மில் அதில் உடையலாம். அப்படி ஒருமுறை உடைந்தால் ஆபரேட்டர் ஸ்பிண்டில் குமிழையே வெறுத்துவிடுவார், அந்த வெறுப்பில் நியாயமும் உண்டு. மில்லிங்கில் இரண்டு குமிழ்களையும் ஒரே விகிதத்தில் இறக்க வேண்டும், அல்லது புரோகிராமையே ஜி95க்கு மாற்றிச் சுற்றுக்கணக்கில் எழுத வேண்டும். மரை போடும் ஜி84 சுழற்சியை ஓட்டும்போது எந்திரம் இரண்டு குமிழ்களையும் செயலிழக்கச் செய்து நூறு சதவீதத்தில் பூட்டிவிடுகிறது. எம்6 மரைக்குச் சுற்றுக்கு ஒரு மி.மீ., கூடவும் ஆகாது குறையவும் ஆகாது. அங்கே ஃபீடை மரையே தீர்மானிக்கிறது, கைக்கு வேலையில்லை என்பதை எந்திரத்தை வடிவமைத்தவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிக வலுவானது எந்திரத்தின் விறைப்பு. அட்டவணை எழுதப்பட்டது புத்தம் புதிய கனமான எந்திரத்துக்கு, நம்மிடம் இருப்பதோ இரண்டாம் கையாக வாங்கிய, ஸ்லைடு தேய்ந்த எந்திரம், நீட்டிப் பிடித்த கருவி, மெல்லிய ஜாப். அட்டவணை ஃபீடில் அது அதிரும் என்கிறார்கள். அதிர்வு உண்மையான பிரச்சினை. டெய்லரே 1906இல் கடைசல்காரர் சந்திக்கும் சிக்கல்களில் மிக இருண்டதாக இதைத்தான் கருதினார். 1950களிலிருந்து டோபியாசும் டிலுஸ்டியும் செய்த ஆய்வுகள் அதன்மேல் வெளிச்சம் போட்டன. சீவல் முந்தைய சுற்றின் அலையை வெட்டும்போது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் அதிர்வு எப்போது தொடங்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை வெட்டின் அகலமும் ஆழமும், சுழற்சி வேகமும். ஃபீடின் பங்கு அங்கே சிறியது. பட்டறைக் கையேடுகள் பலவும் கிரீச்சென்ற அதிர்வு வந்தால் வேகத்தைக் குறை, ஃபீடைச் சற்றுக் கூட்டு என்றே சொல்கின்றன, ஏனென்றால் தேய்த்துக்கொண்டு ஓடும் முனை அதிர்வைத் தூண்டும். வலுவில்லாத எந்திரத்தில் குறைக்க வேண்டியது ஆழம், ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களின் எண்ணிக்கை, கருவி நீட்டம், முனையின் மூக்கு ஆரம். இவற்றையெல்லாம் குறைத்த பிறகும் தண்டு வளைகிறது, சக் நழுவுகிறது என்றால் ஃபீடையும் குறைக்கத்தான் வேண்டும். தரையைத் தொடாத வரை அதில் தவறில்லை. மேலும், அதிகமாகத் தெரியும் ஃபீடு எல்லாம் அதிகக் கடி அல்ல. ஹை ஃபீடு மில்லிங் கட்டர்களில் பல்லுக்கு ஒரு மி.மீ. என்ற எண் பார்ப்பவரை நடுங்க வைக்கும். முனை பத்து டிகிரியில் சாய்ந்திருப்பதால் சீவலின் தடிமன் 0.17 மி.மீ. மட்டுமே.

அடுத்த மறுப்பு மேற்பரப்பின் வழவழப்பு. இங்கே எதிர்த்தரப்புப் பக்கம் வலு அதிகம். கடைசலில் மேடுபள்ளத்தின் உயரம் ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.8 மி.மீ. மூக்கில் 0.2 ஃபீடு என்றால் ஆறேகால் மைக்ரான், 0.1 என்றால் ஒன்றரை மைக்ரானுக்குச் சற்று மேல். வரைபடம் கேட்கும் வழவழப்புக்காகக் கடைசி ஓட்டத்தில் ஃபீடைக் குறைப்பது சரியான செயல், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தரையை நெருங்கும்போது சூத்திரம் பொய்க்கத் தொடங்கும், உலோகம் கிழிந்தும் ஒட்டியும் பரப்பு மறுபடி கெடும். முனையில் தட்டையான சிறு பகுதி வைத்துச் செய்த வைப்பர் இன்சர்ட் இரண்டு மடங்கு ஃபீடிலும் அதே வழவழப்பைத் தருகிறது. கடைசி ஓட்டத்துக்கான நியாயத்தை முதல் முரட்டு ஓட்டத்துக்கும் நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மூன்றாவது மறுப்பு எந்திரவியல் சார்ந்தது அல்ல. கருவி உடைந்தால் யார் பதில் சொல்வது? சைக்கிள் டைம் பத்து விநாடி நீண்டால் யாரும் கவனிப்பதில்லை, உடைந்த கருவி மேசைமேல் சாட்சியாகக் கிடக்கும். எந்தப் பட்டறையில் உடைசலுக்கு மட்டும் கேள்வி கேட்கிறார்களோ அங்கே ஃபீடு குமிழ் ஐம்பதில் நிற்பது ஆபரேட்டரின் அறியாமையால் அல்ல, அவருடைய நியாயமான தற்காப்பால். இதன் வேர் பழையது. டெய்லரின் சோதனைகளுக்குப் பின்னால் இருந்த நோக்கமே, எவ்வளவு வேகம் எவ்வளவு ஃபீடு என்ற முடிவைத் தொழிலாளியின் கையிலிருந்து திட்டமிடும் அறைக்கு மாற்றுவது. அவருடன் பணியாற்றிய கார்ல் பார்த் அந்த முடிவுகளை நழுவு சட்டக் கணிப்பானாகவே (ஸ்லைடு ரூல்) செய்து கொடுத்தார். 1952இல் எம்ஐடியில் எண் கட்டுப்பாட்டு எந்திரம் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது அந்த மாற்றம் முழுமையடையும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். யார் கையில் எந்திரம் என்ற அந்த இழுபறியைத்தான் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆனாலும் குமிழ் போகவில்லை. வார்ப்பில் எங்கே கடினப் புள்ளி இருக்கும், எந்தக் கம்பி சற்று வளைந்து வந்திருக்கும் என்பது அறையில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தெரியாது. எனவே ஆபரேட்டரிடமிருந்து குமிழைப் பிடுங்க வேண்டும் என்பது என் வாதமாக இருக்க முடியாது. அவர் கையில் குமிழும் இருக்க வேண்டும், சீவலின் தடிமன் எவ்வளவு என்ற அறிவும் இருக்க வேண்டும். உடைசலையும் வீணான நேரத்தையும் ஒரே நோட்டில் எழுதும் முதலாளியும் அவருக்கு வேண்டும். இது ஏழைப் பட்டறைகளின் நோய் மட்டும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1990களில் உலோகவெட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய ஒரு கருவி நிறுவனக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவிலேயே சரியான கருவி தேர்ந்தெடுக்கப்பட்டது பாதிக்கும் குறைவான நேரங்களில். உரிய வேகத்தில் ஓட்டப்பட்டது 58 சதவீத நேரம். முழு ஆயுள் வரை பயன்பட்ட கருவிகள் 38 சதவீதம்.

கணினி பார்த்துக்கொள்ளும், இனி இந்த அறிவு எதற்கு என்பது இன்றைய மறுப்பு. எந்திரத்துக்குப் புரோகிராம் எழுதித் தரும் கேம் மென்பொருள் அட்டவணையோடு வருகிறது. ஸ்பிண்டிலின் சுமையை அளந்து ஃபீடைத் தானே கூட்டிக் குறைக்கும் முறையை பெண்டிக்ஸ் நிறுவனம் 1960களிலேயே அமெரிக்க விமானப்படைக்காக முயன்றது, இன்று அது கடையில் கிடைக்கிறது. முரட்டு வேலையில் அது நல்ல துணை. ஆனால் ஏழரை கிலோவாட் ஸ்பிண்டில் மோட்டாரில் 3 மி.மீ. துளைக்கருவியின் சுமை, மோட்டாரின் சொந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடும். அந்தக் கருவி தேய்வதும் உடைவதும் மீட்டரில் தெரியாது. மென்பொருளில் உள்ள எண்களும் எங்கோ ஒரு செலவுக் கணக்கிலிருந்து வந்தவையே. நம் ஊரின் மணிநேரச் செலவை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எனவே விஷயம் பயிற்சிக்குத் திரும்புகிறது, அங்கே நமக்கு வெறுங்கை இல்லை. கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்துக் கலைக்கதிர் அச்சகம் வெளியிடும் வடிவமைப்புத் தரவு நூல் தமிழ்நாட்டு எந்திரவியல் மாணவர் ஒவ்வொருவரின் தேர்வு மேசையிலும் இருக்கும். 1962இல் பெங்களூரில் தொடங்கிய மத்திய எந்திரக்கருவி நிறுவனத்தின் கையேடு இந்தியா முழுக்கப் புழங்குகிறது. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் ஐடிஐ பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தியதில் சிஎன்சி எந்திரங்களும் உயர்நிலை சிஎன்சி படிப்பும் வந்திருக்கின்றன. சூத்திரங்கள் பாடத்தில் உள்ளன. சுற்றுகளைக் கணக்கிடு, மேசை வேகத்தைக் கணக்கிடு என்று கேள்வி வருகிறது. 764 என்று விடை எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு, முனை கடிப்பது 0.022 தான் என்ற அடுத்த வரியையும் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி ஒரு பிற்பகல் பயிற்சி: ஈ.என்.8 கம்பி ஒன்று, இரண்டு புதிய முனைகள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஒரு முனையை அட்டவணை ஃபீடிலும் 75 சதவீத வேகத்திலும் ஓட்டட்டும், இன்னொன்றை அட்டவணை வேகத்திலும் பாதி ஃபீடிலும். கருவி ஆயுள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3685 தரம் முனையின் பக்கத் தேய்மானத்துக்கு வைத்திருக்கும் அளவு 0.3 மி.மீ. அந்த அளவை எது எத்தனை உருப்படியில், எத்தனை நிமிடத்தில் எட்டுகிறது என்று மாணவர் தானே எழுதட்டும். பக்கத்தில் இன்னொரு பத்தியில் எந்திரத்தின் மணிநேரச் செலவு. அந்த எண் ஓசூருக்கு ஒன்றாகவும், மாங்காலுக்கு வேறாகவும், ஆரணி லேத் பட்டறைக்கு இன்னும் வேறாகவும் இருக்கும். அதை நிரப்ப வேண்டியவர்கள் அந்தந்தப் பட்டறை முதலாளிகள். அவர்கள் இதுவரை அதைப் பயிற்சியாளரிடம் சொன்னதில்லை, பயிற்சியாளரும் கேட்டதில்லை.